உரிமையாளர் பெயர்

ஜூன் 3, திங்கள்

பதவி உயர்வு ஆணை வந்துவிட்டது. புள்ளியியல் ஆய்வாளர், மஞ்சளூத்து. ஆத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து முப்பத்தேழு கிலோமீட்டர். அதில் பதினாறு மலைப்பாதை. முதல் பஸ் ஏழு மணிக்கு. அதைப் பிடித்தால் ஒன்பதரைக்கு அலுவலகம் போய்விடலாம். ஆனால் வேலை அலுவலகத்தில் இல்லை. பஸ் போகாத ஊர்களின் வயல்களில் இருக்கிறது.

என் கைப்பையில் இருந்த ஆணையை சிவப்பிரகாசமே எடுத்துப் படித்தார். இருபத்து நான்கு வருடத் திருமணத்தில் அவர் அனுமதி கேட்டு என் பையைத் திறந்ததில்லை.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துடு மங்கை. இந்த வயசுல மலை ஏறணுமா?"

ஆறு வருடம் முன்பு ஒரு முறை அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். என்னைவிட இரண்டு வருடம் இளையவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தயாரித்த அட்டவணைகளின் கூட்டல் பிழைகளை நான் திருத்திக்கொண்டிருந்தேன்.

இந்த முறை எழுதிக் கொடுக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

ஸ்கூட்டர் உதவாது. பதினோரு வருடமாக ஓட்டுகிறேன், அதன் குணம் தெரியும். சின்னச் சக்கரம், பள்ளத்தில் இறங்கினால் முதுகுத்தண்டு கணக்குக் கேட்கும். இறக்கத்தில் கியரை வைத்து வேகத்தைப் பிடிக்க முடியாது. பதினாறு கிலோமீட்டரும் பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். எனக்கு வேண்டியது நூற்றிருபத்தைந்து சி.சி. கியர் வண்டி. பதினெட்டு அங்குலச் சக்கரம், டியூப் இல்லாத டயர், என் கால் தரையில் ஊன்றும் உயரத்தில் சீட்.

சொன்னதும் சிரித்தார். "ஜென்ட்ஸ் வண்டியா? காலேஜ்ல சொன்னா நம்ப மாட்டாங்க."

அவர் பாலிடெக்னிக்கில் துணை முதல்வர். கார் மட்டும் ஓட்டுவார். இருசக்கர வாகனம் அவருக்கு ஓட்டத் தெரியாது என்பது வீட்டில் யாரும் பேசாத விஷயம். யாரும் என்றால் நான்தான். மகள் யாழினி பெங்களூரில் இருக்கிறாள்.

ஜூன் 15, சனி

பைபாஸ் ஷோரூம். தனியாகப் போனேன்.

"வாங்க மேடம். தம்பிக்கா, சாருக்கா?"

"எனக்கு."

"ஸ்கூட்டி செக்‌ஷன் அந்தப் பக்கம் மேடம்."

"கியர் வண்டி. எனக்கு."

விற்பனையாளர் பெயர் பிரதாப். முப்பது வயதிருக்கும். என்னை ஒருமுறை தலையில் இருந்து கால் வரை அளந்தான். லிட்டருக்கு எழுபது கிலோமீட்டர் கொடுக்கும் என்றான். எந்தச் சாலையில், எத்தனை பேரை ஏற்றி, என்ன வேகத்தில் என்று கேட்டேன். கம்பெனி சொல்வது என்றான். மலையில் எவ்வளவு என்றேன். "மலைக்கு நீங்க ஏங்க மேடம் போகப்போறீங்க?" என்றான்.

கேட்ட எட்டுக் கேள்விகளில் இரண்டுக்குத்தான் பதில் கிடைத்தது. வண்டி என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 19, புதன்

டிரைவிங் ஸ்கூலில் கியர் வண்டி கற்றுத்தர ஆள் இல்லையாம். "லேடீஸுக்கு ஸ்கூட்டி, கார் ரெண்டும் இருக்குங்க." அவர்களுடைய ஆண் வாடிக்கையாளர்கள் கற்கும் அதே வண்டியில், அதே மைதானத்தில், அதே கட்டணத்தில் எனக்கும் கற்றுத்தர என்ன தடை என்று எழுத்தில் கேட்டேன். எழுத்தைப் பார்த்ததும் நாளையே வரச் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 24, திங்கள்

கிளட்சை விடும்போது வண்டி குதித்து நின்றது. பதினேழு முறை. எண்ணினேன்.

ஜூன் 29, சனி

இரண்டு முறை.

ஜூலை 26, வெள்ளி

எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். முதல் முறை காலை ஊன்றிவிட்டேன், அது என் தவறு. இன்று ஊன்றவில்லை. உரிமத்தில் கியர் வண்டி சேர்ந்துவிட்டது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், "மேடம், நீங்க இன்ஸ்பெக்டர்னு நினைச்சேன்" என்றார். இந்த மாதத்தில் கிடைத்த ஒரே மரியாதை இது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது என்று சிவப்பிரகாசம் ஒரு வாரம் சொன்னார். பிறகு திடீரென்று மனம் மாறி, "சரி, நானே வந்து எடுத்துத் தர்றேன்" என்றார். பணம் என் கணக்கில் இருந்து நேராகப் போனது. இருந்தும் ஷோரூமில் நாற்காலி அவருக்குப் போட்டார்கள், காபி அவருக்குக் கொடுத்தார்கள், கலர் பற்றியும் அவரிடம்தான் கேட்டார்கள். நான் வண்டியின் பக்கத்தில் நின்று சேலை மாட்டாமல் இருக்கப் போடும் கம்பி வலையைச் சரிபார்த்தேன். ஒரு போல்ட் லூஸ். முடுக்கச் சொன்னேன்.

அந்தப் பக்கம் பிரதாப், "சார், உங்களுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும் பாருங்க" என்றான். அவர் போனைப் பார்த்து ஆறு எண்களை வாசித்தார். ஃபைலை அவர் கையில் கொடுத்தார்கள்.

சாம்பல் நிறம். வீட்டுக்கு நான்தான் ஓட்டி வந்தேன். அவர் காரில் பின்னால் வந்தார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது. போகவில்லை. மணல் லாரிகள் ஹாரன் அடித்தன. அடிக்கட்டும்.

ஏறும்போது மூன்றாவது கியர், கொண்டை ஊசி வளைவில் இரண்டு. இறங்கும்போதும் அதே கியர். எந்தக் கியரில் ஏறினாயோ அதில் இறங்கு என்று கையேட்டில் இருக்கிறது. கையேட்டைப் படிக்கும் பழக்கம் நம் நாட்டில் எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

டேங்க்கை நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். லிட்டருக்கு ஐம்பத்திரண்டு. எழுபது அல்ல. பிரதாப்புக்கு போன் செய்து சொன்னேன். "மேடம், நீங்க ஓட்டற விதம்" என்றான். அவனை நம்பி நான் எண் எதையும் மாற்றப் போவதில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

மேலே கனமழை. மஞ்சளூத்துப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சகாயமேரி டீச்சர் தன் வீட்டு மாடி அறையில் தங்கிக்கொள்ளச் சொன்னார். கணவர் இல்லை, மகன் துபாயில். மாடியில் ஒரு அறை, ஒரு சமையல் மேடை, மலையைப் பார்த்த ஜன்னல். கேழ்வரகுக் களி கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

சிவப்பிரகாசம் போனில், "ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்றார். அவருக்கு.

செப்டம்பர் 19, வியாழன்

மாடியில் தங்கினேன். மழை வரும் போலிருந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

வரவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

வண்டியின் பக்கப் பெட்டியில் மேலே போனவை: சின்னக் குக்கர், ஒரு தலையணை, இரண்டு சுடிதார், டார்ச். மழை நாட்களுக்கு உதவும்.

அக்டோபர் 8, செவ்வாய்

இதை நிதானமாக எழுத முயல்கிறேன்.

மலையடிவாரச் செக்போஸ்ட்டில் வாகனச் சோதனை. காவலர் ஆர்.சி. கேட்டார். சீட்டுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக் கொடுத்தேன். தபாலில் வந்த நாளிலேயே சிவப்பிரகாசம் அதை உறையில் போட்டு உள்ளே வைத்துவிட்டார். நான் பிரித்துப் பார்க்கவில்லை. என்னிடம் வரும் ஒவ்வொரு கிராமக் கணக்கையும் இரண்டு முறை சரிபார்க்கும் நான், என் வண்டியின் ஆர்.சி.யைப் படிக்கவில்லை.

"சிவப்பிரகாசம் யாருங்க மேடம்?"

"என் கணவர். ஏன்?"

"வண்டி அவர் பேர்ல இருக்கு. சரி, வீட்டுக்காரர் வண்டிதானே. போங்க."

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்திப் படித்தேன். உரிமையாளர் பெயர்: இரா. சிவப்பிரகாசம். என் பெயர் அட்டையின் எந்த மூலையிலும் இல்லை.

பிரதாப்பை அழைத்தேன். உங்கள் ஷோரூம் செய்த தவறு என்றேன்.

"தப்பெல்லாம் இல்லீங்க மேடம். சார்தான் வண்டி எடுக்கறதுக்கு முதல் நாளே போன் பண்ணி, 'என் பேர்லயே போட்டுடு'ன்னாரு. அவரோட ஆதார், அவர் போனுக்கு ஓ.டி.பி. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். ஜென்ட்ஸ் வண்டிதானேங்க."

முதல் நாளே. அதாவது ஆடியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திய அன்றே.

இன்று மூன்று வயல்கள் பார்த்தேன். எண்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், மாலையில் சரிபார்த்தேன்.

அக்டோபர் 9, புதன்

கேட்டேன்.

"அட, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? வீட்டுல எது உன் பேர்ல இருக்கு? காஸ் என் பேர்ல, கரன்ட் என் பேர்ல, வீடு என் பேர்ல. என்னைக்காவது சண்டை வந்திருக்கா?"

இல்லை. நான் கேட்டதே இல்லை. அதனால்தான் சண்டை வரவில்லை.

"என் பேருக்கு மாற்றித் தாருங்கள். இரண்டு படிவம் இருக்கிறது. விற்பவர் என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், வாங்குபவர் என்ற இடத்தில் நான்."

"நான் உனக்கு விக்கறதா?" சிரித்தார். "பார்க்கலாம், பார்க்கலாம். கையெழுத்துதானே, எங்க ஓடிப்போகப் போகுது?"

என் பணத்தில் வாங்கிய வண்டியை அவர் எனக்கு விற்க வேண்டும். அதற்கும் அவருக்கு மனம் வர வேண்டும். விபத்தில் நான் செத்தால் ஓட்டும் உரிமையாளருக்கான காப்பீட்டுத் தொகையும் கிடைக்காது, ஏனென்றால் நான் உரிமையாளர் இல்லை. யாரோ ஒருத்தி அவருடைய வண்டியை இரவல் வாங்கி ஓட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

அக்டோபர் 21, திங்கள்

படிவங்களை நிரப்பி, அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்து மேஜையில் வைத்தேன்.

அக்டோபர் 28, திங்கள்

மேஜையிலேயே இருக்கின்றன. மேலே அவருடைய காபி டம்ளரின் வட்டம்.

நவம்பர் 4, திங்கள்

"தீபாவளி போகட்டும்னேன், போயிடுச்சு. கார்த்திகை பொறக்கட்டும்."

மேலே போனவை: இஸ்திரிப் பெட்டி, ஆறு புத்தகங்கள், ஒரு போர்வை, எவர்சில்வர் டப்பாக்கள் நான்கு.

நவம்பர் 13, புதன்

நாளை விவசாயி வெள்ளையனின் காட்டில் மக்காச்சோள அறுவடைப் பரிசோதனை. குறிக்க வேண்டிய துண்டு நிலத்தை எண் அட்டவணை முடிவு செய்யும், நானோ விவசாயியோ அல்ல. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். அதில் விளைந்ததை அறுத்து எடை போட வேண்டும். இப்படி நான்கு காடுகளின் எடையை வைத்துத்தான் அந்தக் கிராமத்துக்கே பயிர்க் காப்பீடு கணக்கிடுவார்கள். இந்த வருடம் நடுவில் பெய்த மழையில் பயிர் சாய்ந்துவிட்டது. அவர்களுக்கு அந்தத் தொகை வேண்டும். எட்டரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

காலை ஆறரைக்குச் சாவி ஆணியில் இல்லை. மாற்றுச் சாவி பீரோவில் இல்லை. சிவப்பிரகாசம் ஒரு கருத்தரங்குக்காக ஐந்தரைக்கே சேலம் போய்விட்டார். போன் எடுக்கவில்லை. சாவியைத் தேடியதில் ஏழு மணி பஸ் போய்விட, எட்டரை பஸ்ஸில் ஏறி, மஞ்சளூத்தில் இறங்கி, ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே கால்.

காடு மொட்டையாக இருந்தது. கதிர்கள் ஒரே குவியலாகக் களத்தில்.

வெள்ளையன் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"பத்து மணி வரைக்கும் பாத்தனுங்க. ஆளுங்க வெளியூரு, மதியத்துக்கு மேல நிக்க மாட்டாங்க. மழை வேற கட்டுது. குத்துமதிப்பா ஒண்ணு எழுதிக்க முடியாதுங்களா?"

முடியாது. குவியலில் இருந்து என் துண்டு நிலத்தைப் பிரித்தெடுக்க எந்தக் கணிதமும் இல்லை. அளக்காத எண்ணை நான் எழுதுவதில்லை. 'பரிசோதனை நடைபெறவில்லை' என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'ஆய்வாளர் தாமதம்'. இந்த ஊருக்கு நான்கில் ஒன்று போயிற்று, என்னால்.

என்னால் மட்டும் அல்ல.

மாலை அவர் அழைத்தார். "சாவியா? என் பையிலேயே இருக்கு. மழைன்னு நியூஸ்ல போட்டான், நீ வழுக்கி விழுந்து வெக்கப் போறேன்னு எடுத்து வெச்சேன். உன் நல்லதுக்குத்தான்."

"இரண்டு சாவியையுமா?"

"இப்ப எங்க இருக்கே?"

"மேலே. பஸ் போய்விட்டது."

கடைசி பஸ்ஸுக்கு அப்போது இருபது நிமிடம் இருந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

வீட்டுக்குப் போனேன். அவர் நிபந்தனையைச் சொன்னார், மிகவும் மென்மையாக, மாணவர்களிடம் பேசுகிற குரலில்.

"மாறுதலுக்கு எழுதிக் குடு மங்கை. மலையில தங்கற கதையெல்லாம் வேண்டாம், நாலு பேர் கேக்கறாங்க. நீ எழுதற அன்னைக்கே நானும் கையெழுத்துப் போடறேன். வண்டி உனக்கே."

"வண்டி எனக்கே என்றால், இப்போது யாருக்கு?"

"பாரு, இந்தப் பேச்சுதான்."

சாவியை மேஜையில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் எடுப்பேன் என்று எதிர்பார்த்தார். எடுக்கவில்லை. வண்டியைத் துடைத்து, டயர் காற்றைப் பார்த்து, உறை போட்டு மூடினேன். 4,612 கிலோமீட்டர். பஸ்ஸில் கிளம்பினேன். கையில் ஒரு பெட்டி. சான்றிதழ்கள், எம்.எஸ்சி. பட்டம், அப்பாவின் படம். நான்கு நாள் மழை என்று சொல்லியிருக்கிறார்கள்.

நவம்பர் 25, திங்கள்

வானம் தெளிவு. ஒரு வாரமாகவே.

யாழினி போனில், "அம்மா, எங்க இருக்கே?" என்றாள். "ஆபீஸ் பக்கத்தில்" என்றேன். "சரிம்மா" என்றாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

தபால்காரர் சடையன் ஜனவரியில் ஓய்வு பெறுகிறார். அவருடைய வண்டியை விற்கப் போவதாக டீச்சர் சொன்னார். ஒன்பது வருட வண்டி, நூறு சி.சி. செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். போய்ப் பார்த்தேன். செயின் இறுக்கம் சரி. ஆயில் மாற்றிய தேதிகள் எல்லாம் ஒரு பள்ளி நோட்டில் முதல் நாளில் இருந்து எழுதியிருக்கிறார். அந்த நோட்டைப் பார்த்ததும் வண்டியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"மலைல எவ்வளவு குடுக்குது?"

"ஐம்பத்தெட்டுங்க. மழைன்னா ஐம்பத்தாறு."

உண்மை சொல்லும் ஒருவரை ஆறு மாதத்தில் முதல் முறையாகச் சந்திக்கிறேன்.

"புது வண்டி இருக்கறப்ப எதுக்குங்க மேடம் இந்தப் பழசு?"

"அது என் வண்டி இல்லை."

சடையன் பெட்ரோல் குழாயை எப்படித் திருப்புவது என்று காட்டினார்.

டிசம்பர் 9, திங்கள்

அதே இரண்டு படிவங்கள். சடையன் டீச்சர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டார். நான்கு நிமிடம் ஆயிற்று, அதில் ஒரு நிமிடம் பேனா எழுதாததால். இருபத்து நான்கு வருடம் தெரிந்தவரிடம் இரண்டு மாதமாகக் கேட்டது இது.

வாங்குபவர் முகவரி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

டீச்சர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முகவரிக்கு அத்தாட்சி கேப்பாங்களே. வாடகைப் பத்திரம் எழுதிடலாமா?"

"சரிங்க டீச்சர்."

"பதினோரு மாசம்தான் எழுதுவாங்க. அப்புறம் புதுப்பிச்சுக்கலாம்."

"புதுப்பித்துக்கொள்ளலாம்."

தந்தை அல்லது கணவர் பெயர் என்று இன்னொரு இடம். ஒரு வண்டி வாங்கவும் ஒரு ஆண் வேண்டியிருக்கிறது. அப்பா பெயரை எழுதினேன். அவர் இறந்து பன்னிரண்டு வருடம். அவர் சாவியை ஒளிக்க மாட்டார்.

டிசம்பர் 12, வியாழன்

சாம்பல் வண்டிக்குப் பணம் என் கணக்கில் இருந்து போனதற்கான வங்கிச் சீட்டு, பிரதாப் போனில் சொன்னதன் குறிப்பு, காபி வட்டம் விழுந்த படிவங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டேன். வக்கீலைப் பார்ப்பேன். முதலில் சாமை அறுவடை இருக்கிறது. ஆறு காடுகள்.

ஜனவரி 3, வெள்ளி

ஆறும் முடிந்தன. ஒன்றுக்கும் தாமதமில்லை.

ஜனவரி 22, புதன்

ஆர்.சி. தபாலில் வந்தது. கொண்டுவந்தவர் சடையன்தான், ஓய்வுக்கு ஒன்பது நாள் முன்பு, நடந்தே.

"கையெழுத்துப் போடுங்க மேடம்." பிறகு, "முதல்ல பேரைப் படிச்சுக்கங்க."

அங்கேயே பிரித்துப் படித்தேன். உரிமையாளர் பெயர்: ந. மங்கையர்க்கரசி. எழுத்துப் பிழை இல்லை. முகவரியில் கதவு எண், மாடி என்பது உட்பட எல்லாம் சரி. இன்னொரு முறை படித்தேன். சடையன் காத்திருந்தார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் சிவப்பிரகாசம் அழைத்தார்.

"வண்டி சும்மா நின்னு பேட்டரி போயிடுச்சு. பாத்தா கடுப்பா இருக்கு. காலேஜ் அட்டெண்டர் எடுத்துக்கறேங்கறான். ஆனா நீ வாங்கின வண்டியாச்சே, குடுக்கணும்னா உன் கையெழுத்து ஏதாவது வேணுமா?"

ஆக, நான் வாங்கிய வண்டி என்பது அவருக்குத் தெரியும். தேதியை எழுதி, அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். ஃபைலில் சேர வேண்டியது.

"வேண்டாம். பேப்பரில் உங்கள் பெயர்தானே இருக்கிறது" என்றேன். "கொடுத்தால் மட்டும் வக்கீலிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்."

எப்போது வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் மழையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பனி அதிகம். சோக் இழுத்து உதைத்தேன். இரண்டாவது உதையில் கிளம்பியது. மீட்டரில் 61,340.